வலையில் தொங்கிய படங்கள்

போன மே மாதம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்தது இது. நான் மந்தைவெளிக்காரன். பல வருடமாகக் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்து அலுத்துப்போய், இனி விளையாட்டுப் படங்கள்தான் என்று துணிந்து இறங்கியிருந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் கால்பந்துப் போட்டி நடந்தது. நானும் எடுத்தேன், சாந்தோமிலிருந்து வரும் ஒரு டீச்சரும் எடுத்தார். பைனல் அன்று இரண்டு பேரும் படங்களை அங்கேயே காட்சிக்கு வைத்து விற்கலாம், யாருடைய படங்கள் ஜனங்களுக்குப் பிடிக்கிறதோ அவருக்கே அடுத்த வருடப் போட்டி முழுவதும் படமெடுக்கும் வேலை என்று போட்டி நடத்தும் சங்கத்தின் செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடியும் கல்யாண மண்டபம்தான்.

அந்த டீச்சரை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஒரு மேட்ச்சில் அருமையான கோல் ஒன்றை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கினால், அவர் கோல் போஸ்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கோல் விழும்போது கூடவா ஒருத்தர் திரும்பி நிற்பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பைனல் அன்று நான் பெரிய பெரிய பிரிண்டுகளை அட்டையில் ஒட்டி, வாடகை ஸ்டாண்டுகளில் வரிசையாக நிறுத்தினேன். எல்லாம் கோல் போட்டவர்கள், பறந்து உதைத்தவர்கள். டீச்சரோ குப்பத்துப் பையன்களிடம் ஒரு பழைய மீன்வலையைக் கேட்டு வாங்கி, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டி, சின்னச் சின்னப் படங்களைத் துணி கிளிப்பால் மாட்டினார். செலவு என்று பார்த்தால் கிளிப்புக்கு மட்டும்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். கூட்டம் மொத்தமும் அந்த வலையைச் சுற்றி மொய்த்தது. நான் ஈ ஓட்டினேன். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மோர் வாங்கிக் குடித்தேன். என் பக்கம் வந்தது ஒரே ஒரு கோல்கீப்பர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “படம்லாம் சோக்கா கீதுண்ணா. ஆனா நான் எங்க கீறேன்?” என்றான். ரசனை கெட்டவன் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் கடற்காற்று கிளம்பியது. வலைக்குள் காற்று புகுந்து போய்விட்டது. என் அட்டைகள் அதை நெஞ்சு காட்டி வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டோடு ஒவ்வொன்றாக மல்லாந்தன. ஒரு அட்டை மீன்கடை வரைக்கும் பறந்தது. நான் மணலில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

டீச்சர்தான் ஓடி வந்தார். “விடுங்கண்ணா, இந்தக் காத்துல நிக்காது. சின்னப் பிரிண்ட் வச்சிருக்கீங்கல்ல? பாதி வலை உங்களுக்கு, வாங்க.” தன் படங்களை நெருக்கி மாட்டி இடம் செய்தார். இந்தப் பெருந்தன்மை வேறு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மாட்டினேன். இப்போது ஒரே வலை, ஒரே காற்று, பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

பார்த்தேன். ஜனங்கள் என் படங்களை, “செமயா கீதுல்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்து, டீச்சர் படங்களில் விரலை வைத்துத் தேடினார்கள். “டேய், இதோ நானு!” ஒரு அம்மா தன்னையே கண்டுபிடித்து வெட்கப்பட்டார். அந்த கோல்கீப்பர் கோலை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்த படத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கினான். அதுவரை கூட்டம் அந்தப் பக்கம் போனதற்கு வலையைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வலை கைக்கு வந்ததும் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

யாரும் பார்க்காதபோது நானும் மெல்ல அந்தப் பக்கம் போனேன். ஓரத்தில் ஒரு படம். மணலில் குப்புறப் படுத்து, தொப்பியைத் திருப்பிப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவுக்குள் முகத்தைப் புதைத்திருக்கும் ஒரு ஆள். சட்டையைப் பார்த்துத்தான் அது நான் என்று புரிந்தது. அந்த அருமையான கோல் விழுந்த நேரம். டீச்சர் திரும்பி நின்றது என்னை எடுக்கத்தான்.

இத்தனை வருடத்தில் நான் வேலை செய்யும்போது என்னை யாரும் படம் எடுத்ததில்லை. “எடுத்துக்கோங்கண்ணா, உங்களுக்குத்தான்” என்றார். கிளிப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடப் போட்டியும் அவருக்கே போயிற்று. நான் கல்யாண மண்டபத்துக்குத் திரும்பினேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி அதைத்தான் காட்டுகிறாள், நான் எடுத்த ஒன்றைக்கூட இப்படிக் காட்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில், ஒரே ஒரு படத்துக்காவது, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறேன்.