மே மாதப் பக்கங்கள்

எண்பதுகளில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்தினேன். உலகமே சூடாகி வருகிறது என்று வாதாடிய இயற்பியல் ஆசிரியை, கல்லூரியின் வெப்பநிலைப் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். ஆண்டுச் சராசரி ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஓர் ஊரின் எண்களை வைத்து உலகத்தைப் பேசுவதா என்று எரிச்சலோடு பிழை தேடினேன். கிடைத்தது. கோடை விடுமுறையில் வெயிலுக்குப் பயந்த அட்டெண்டர், வருடாவருடம் முதல் வருடத்து மே மாதத்தையே பார்த்து எழுதியிருந்தார்.

"மே முழுக்கப் பொய்ங்க, மேடம்," என்றேன்.

அவர் மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். "அப்போ கத்திரி வெயில் ஏறாமலே இவ்வளவு ஏறியிருக்கு, சார். நிஜத்தை எழுதியிருந்தா?"

அந்தப் பதிவேட்டில் இன்னொரு பிழை தேட எனக்குத் தைரியம் வரவில்லை.