ஒன்பதாம் வளைவுக் கண்ணாடி

அந்த மனிதரை ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கில் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தாறு வயதிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். மலையிடுக்கில் ஏறுகிற சாலையில் இருபத்திரண்டு வளைவுகள் இருக்கின்றன. எதிரே வருகிற வண்டி முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வளைவிலும் கம்பத்தின் மேல் வட்டமான ஒரு கண்ணாடி, நடுவில் உப்பலாக, மாட்டியிருக்கிறார்கள். அந்த இருபத்திரண்டையும் துடைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாகத் துடைக்கிறார்.

சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. மேலே அவருடைய ஊர், கீழே இன்னோர் ஊர். ஒன்பதாம் வளைவைத் தாண்டியதும் பாறையைக் குடைந்தாற்போல இருக்கிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். வாளி, நீளக் கம்பு, துணிகள், ஏணி, ஸ்பேனர், நான்கு துடைப்பங்கள், ஒரு ஸ்டூல். சாலைத் துறையின் ஜீப் காலையில் அங்கே இறக்கிவிடும், மாலையில் ஏற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு நாள் மேல் பாதி, மறுநாள் கீழ் பாதி என்று நடந்தே பார்ப்பார்.

கண்ணாடியைவிடப் பெரிய தொல்லை பொடிக்கல். மழை பெய்தால் பாறையிலிருந்து சரிந்து வளைவின் உள்விளிம்பில் போய்ச் சேரும். காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாய்ந்து திரும்புகிற இரண்டு சக்கர வண்டிக்கு அதுதான் எமன். அப்படி விழுந்த பதினேழு பேரை அவர் கையால் தூக்கியிருக்கிறார். தூக்கியவர்களில் மூன்று பேர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. கல்லில் சறுக்கியவர்கள் பாதி என்றால், மீதிப் பேர் வளைவுக்குள் புகுந்த பிறகு பிரேக்கைப் பிடித்தவர்கள், இல்லை அடுத்தவன் பக்கம் ஏறிக் குறுக்கே வெட்டியவர்கள். “வேகத்தை வளைவுக்கு முன்னாடி குறைக்கணும். உள்ள போனப்புறம் கும்பிட்டு என்ன பண்றது?” என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார்.

வேலை ஆளை எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது பாருங்கள். வீட்டில் அவர் எந்த மூலை திரும்பினாலும் முதலில் தொண்டையைக் கனைப்பார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக ஒரு கனைப்பு, அங்கிருந்து கொல்லைக்கு ஒரு கனைப்பு. எதிரே வருகிறவருக்குத் தெரிய வேண்டாமா? மனைவி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு பழகிப்போனாள். ஒரே மகள் ஐந்து வயதிலேயே கனைப்பைப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாசலில் நின்று கனைத்துவிட்டு உள்ளே போவாள் என்று டீச்சரே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த மகளோடு அவர் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

தப்பு அவருடையதுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு மகள் சேமிப்பில் ஒரு பழைய பைக் வாங்கினாள். கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டும், பைக்கில் போய்விடுவேன் என்றாள். இவருக்குப் பதினேழு பேரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். வாயால் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. சேர வேண்டிய நாளன்று அவள் எழுவதற்கு முன்னால் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் உதைத்துக்கொண்டே இருந்தாள். நெற்றி வேர்த்து, கால் சோர்ந்து, கடைசியில் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. நேராக வந்து கையை மட்டும் நீட்டினாள். அவரும் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் பஸ்ஸும் போயிருந்தது, நேரமும் போயிருந்தது. அந்த வேலையைப் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் கீழூரில் வேறொரு சின்ன லேபில் சேர்ந்து, அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். அப்பா என்ற வார்த்தை மட்டும் அந்தப் பேச்சில் வராது.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் மேலூர் மருத்துவமனையிலிருந்து ரத்த மாதிரிகளை எடுத்துப் போக அவள் பைக்கில் வருவாள். குப்பிகள் குலுங்கக் கூடாது என்று திரும்பும்போது மறுபக்கத்து அகலச் சாலை வழியாக இறங்கிவிடுவாள். ஏறும்போது மட்டும் இந்த மலையிடுக்குச் சாலை. அகலச் சாலையிலேயே ஏறவும் செய்யலாமே, என்னை வதைக்கத்தான் இப்படி வருகிறாள் என்று இவர் மனைவியிடம் புலம்புவார். “ஊர்ல போறவன் வர்றவன் மூஞ்சியெல்லாம் தெரியணும்னு தொடைக்கிறீங்க, பெத்த பொண்ணு மூஞ்சிய நேரா பாக்கத் தைரியமில்ல” என்பாள் மனைவி. அவளுக்கு வாய் அப்படி.

தைரியம் இல்லை என்று சொல்ல முடியாது. முதல் மாதங்களில் சாலை ஓரத்தில் போய் நின்றிருக்கிறார். அவரைக் கண்டதும் அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் அப்படித் திருப்பியபோது வண்டி பள்ளத்துப் பக்கம் வெள்ளைக்கோடு வரை போய்விட்டது. கண் போகிற பக்கம் வண்டியும் போகும் என்பது அவருக்குத் தெரியாதா? அன்றோடு ஓரத்தில் நிற்பதை விட்டுவிட்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே இருந்து பார்த்தால் கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஒரு ஹெல்மெட் கடந்து போகும். வாரத்துக்கு இரண்டு இமைப்பு. அதற்காக மற்ற ஐந்து நாளையும் தள்ளுவார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒன்பதாம் வளைவுக் கண்ணாடியின் நட்டு தளர்ந்திருந்தது. முறுக்குவதற்காக ஏறியவர் கையில் அது கொஞ்சம் திரும்பியது. இறங்கி வந்து ஷெட் வாசலில் நின்று தற்செயலாகப் பார்த்தால், எட்டாம் வளைவிலிருந்து ஏறி வருகிற சாலை முழுக்க அந்த வட்டத்துக்குள் கிடந்தது. மறுபடி ஏறிச் சரி செய்திருக்க வேண்டும். ஏணியில் ஒரு கால் வைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிவிடலாம் என்று காலை எடுத்துவிட்டார்.

அந்த ஒரு நாள்தான் நான்கு மாதம் ஆனது. புதனும் சனியும் பத்து மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டாம் வளைவில் இரண்டு ஹாரன் கேட்கும். பிறகு கண்ணாடியில் புள்ளியாக வருவாள். வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பாள், கியரை இறக்குவாள், தன் பக்கத்தை விட்டு ஒரு சாண் நகர மாட்டாள், பொடிக்கல் கிடக்கிற இடத்தைச் சுற்றி வருவாள். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் இல்லையே என்று நினைக்கும்போது வலிக்கும். பெருமையும் வரும். எண்ணிப் பார்த்தால் இருபது எண்ணும் நேரம். ஓர் இமைப்பு எங்கே, இருபது எங்கே? பழைய துணியை விட்டு நல்ல துணியாக எடுத்து அந்தக் கண்ணாடியை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு அதில் என்ன தெரிகிறது என்று மட்டும் அவர் போய்ப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் கண்ணாடி துடைத்தவர். சொன்னால் யாராவது நம்புவார்களா?

போன புதன்கிழமை எட்டாம் வளைவில் ஹாரன் கேட்டது, வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார், புள்ளி வந்தது. அதே நேரம் மேலிருந்து பால் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. காலி கேன்கள் போடுகிற சத்தத்தில் ஓட்டுநருக்கு ஹாரன் காதில் விழவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், யாரும் இல்லை, வண்டியை அகலமாக விட்டுத் திருப்பினார். இவர் பார்த்துக்கொண்டிருந்த வட்டத்துக்குள் ஹெல்மெட் இருந்த இடத்தில் வண்டியின் வெள்ளை வந்து நிரம்பியது. பிரேக் கத்தியது.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தார். ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பதினெட்டு என்ற எண் மட்டும் மனதில் வந்து நின்றது.

பிறகு பைக்கின் சத்தம் மறுபடி கேட்டது. மெதுவாக வந்தது, ஷெட்டைக் கடந்தது, பத்தாம் வளைவில் இரண்டு ஹாரன் அடித்துப் போய்விட்டது. அவள் எப்போதும்போல மெதுவாக வந்ததால் தப்பித்தாள். பாறையோடு பாறையாக ஒண்டி, காலை ஊன்றி நின்றிருக்கிறாள். இடையில் ஒரு முழம்கூட இல்லையாம். பால் வண்டிக்காரர்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சொன்னார்.

“அண்ணே, உங்க மேல உள்ள நம்பிக்கையில கண்ணாடியத்தான் பாத்தேன். ரோடு தெரியல. வெறும் பாறை தெரியுது. எப்பலேந்து இப்படி இருக்கு?”

கண்ணாடிக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். ஓட்டுநர் போனதும் ஏணியைச் சாய்த்து ஏறி நட்டைத் தளர்த்தினார். கம்பத்தில் பழைய பெயிண்ட் அடையாளம் இருந்தது, அதற்கு நேராகத் திருப்பி முறுக்கினார். இறங்கி, மேலே நாற்பது அடி நடந்து, பைக்கில் உட்காருகிற உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். கீழ்ச் சாலை தெரிந்தது. கீழே போய்ப் பார்த்தார். மேல்சாலை தெரிந்தது. ஷெட் வாசலுக்கு வந்து பார்த்தார். பாறையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. இவளுடைய வாய்க்கு அன்று வேலை இருக்கும் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து போய் மகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். ஆனால் இரவு விளக்கை அணைக்கும்போது, “உங்க பொண்ணுதானே, பாக்கணும்னு இருக்கறதுல தப்பில்லங்க” என்றாள். அதைக் கேட்டபோது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்டூலை வாசலில் போடவில்லை. போட்டு என்ன பார்ப்பது? உள்ளே உட்கார்ந்து துடைப்பத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் வளைவில் இரண்டு ஹாரன். விரல்கள் நின்றன. மனதுக்குள் எண்ணினார். இருபது வந்ததும் ஹெல்மெட் கடந்து போயிற்று. அவ்வளவுதான் என்று கட்டை இறுக்கினார்.

பத்தாம் வளைவில் ஹாரன் கேட்க வேண்டும். கேட்கவில்லை. என்ஜின் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றேவிட்டது. பதறி எழுந்தார். சாலையில் ஓடுவதா என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சரளைக் கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. ஷெட்டின் மூலைக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கனைத்துவிட்டுத் திரும்பி வந்தாள் மகள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன் முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கியிருந்தாள். வண்டியை வளைவில் நிறுத்தாமல் அப்பால் நேரான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறாள் என்பது அவருக்கு அந்த நிலையிலும் தோன்றியது.

“ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ஆளக் காணோம்.”

அவருக்கு விளங்கவில்லை. அவள் கம்பத்தின் பக்கம் கையைக் காட்டினாள். எட்டாம் வளைவு தாண்டியதுமே அந்தக் கண்ணாடியில் ஷெட் வாசல் தெரியும் என்றாள். ஸ்டூல் தெரியும், அதில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவரைப் பார்த்துக்கொண்டேதான் ஏறி வந்தாளாம். இன்று கண்ணாடி திரும்பியிருந்தது, வாசலைக் கடக்கும்போது ஸ்டூலும் இல்லையாம். இவர் பார்த்தால் அவளுக்கும் இவர் தெரிவார் என்பது, இத்தனை வருஷம் கண்ணாடி துடைத்த அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“அகல ரோட்டுல போனா நிம்மதியா போயிடுவேன். எதுக்கு இந்த வழியா வர்றேன்னு நெனச்சீங்க?”

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் தப்பாகத் திருப்பி வைத்தது தான்தான் என்றார். புதன்கிழமை நடந்தது தன்னால்தான் என்றார். மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னார்.

“அன்னைக்கு பிளக்க எடுத்தது தப்பும்மா.”

அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கண்ணாடி தப்பா இருக்குன்னு மொத நாளே தெரியும்ப்பா எனக்கு. ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா திருப்பிடுவீங்களேன்னு சொல்லல. புதன்கிழமையும் ரோட்டப் பாக்கல நான், உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்.”

இரண்டு பேரும் கம்பத்தின் உச்சியைப் பார்த்தார்கள். கண்ணாடி அதன் பாட்டுக்கு யாரும் இல்லாத சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலூரில் பத்தரைக்கு அவளுக்காகக் காத்திருப்பார்கள். நேரமாகிறது, கிளம்பு என்று அவரே சொன்னார். அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கப் போனவள் நிறுத்தினாள்.

“சனிக்கிழமை புதன்கிழமை இப்ப வண்டி நிறுத்துன எடத்துல வந்து நிக்கிறீங்களா? நானும் நிறுத்துறேன். அங்க நிக்கலாமில்ல?”

அவர் எட்டிப் பார்த்தார். பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் இருந்தது, ஓரம் அகலமாக இருந்தது, இரண்டு பக்கமும் வெகுதூரம் பார்வை போனது.

“நிக்கலாம்” என்றார். “அது நேர் ரோடு.”