பார்வை நேரம் மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை

எங்கள் அக்கா நிலாவெளியில் பிறந்து அன்புவழிபுரத்தில் வாழ்ந்து முடித்தார். கடைசி மாதங்கள் வரை, இரண்டு இடத்திலும் அவர் பகல் நேரத்தில் படுத்திருந்ததைக் கண்டவர் எவருமில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரும் நண்பரும் இதைப் புகழுரையாக எடுத்துக்கொள்ளக்கூடும். அவருடைய கடைசி வருடம் வரை நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன். அது பிழை என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதச் சம்மதித்தேன்.

ஐயா கரைவலை இழுத்தவர். அம்மாவுக்கு இழுப்பு நோய். பிள்ளைகள் நால்வரில் அக்கா மூத்தவர், நான் கடைசி. அக்கா படித்ததெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடிதான். மருத்துவமாதுவாகப் பயிற்சி முடித்து முதலில் தோப்பூரிலும், பிறகு நிலாவெளியிலும், கடைசியாக நகரத்திலும் வேலை பார்த்தார். தாய்மார் அவரை ‘மிஸ்ஸி’ என்றுதான் அழைப்பார்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் பள்ளிக்கூடமொன்றில் அகதிகளாக இருந்தபோது, வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பிரசவம் பார்த்தார். கடல் ஊருக்குள் வந்த வருடம் எங்கள் நிலாவெளி வீடு போயிற்று. வீடு இருந்த இடத்தைப் போய்ப் பார்க்கவே அக்காவுக்கு மூன்று வாரம் சென்றது, அவ்வளவு வேலை. துறைமுகத்தில் வேலை செய்த அத்தான் மாரடைப்பில் காலமானார். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அக்கா வேலைக்குப் போய்விட்டார். ஒரே மகள் கனடாவில். ஆகவே அக்காவின் வளவிலேயே, அதே வீட்டில், நானும் மனைவியும் குடியிருந்தோம்.

"கொஞ்சம் இருங்கோவன் அக்கா" என்றால், "இருந்தால் பிறகு எழும்ப மாட்டன்" என்பார்.

ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணின் ஓய்வுக்காக அவர் யாரோடும் சண்டை பிடிப்பார். என் மூத்த மகன் பிறந்த மூன்றாம் நாள், ஐயாவின் கடைசித் தங்கையான எங்கள் மாமி, மோல்ட் மாப் பேணியொன்றோடும் அயலவர் நாலு பேரோடும் வந்து, என் மனைவியின் கட்டிலில் ஏறியிருந்து கதைக்கத் தொடங்கினார். அக்கா அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமி, பிள்ளை எங்கையும் ஓடாது. தாய் நித்திரை கொள்ளட்டும். வெளிக்கிடுங்கோ."

"நான் என்ன பிறத்தியே? பார்க்க வந்தனான்."

"பார்த்திட்டியள்தானே. அவவும் உங்களைப் பார்த்திட்டா. இனிக் கண்ணை மூடட்டும்."

மாமி எழும்பிப் போனார். அந்தக் கோபம் என் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வரை ஆறவில்லை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். அக்காவிடம் ஏச்சு வாங்காத மாமியார்மார் எங்கள் பக்கத்தில் குறைவு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மதியச் சாப்பாடு முடிந்ததும் விறாந்தைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வெளியில் உடுத்துப் போகும் சேலை, காலடியில் பழைய வேலைப் பை. அதற்குள் பிள்ளை நிறுக்கும் கொளுக்கித் தராசு, அளவு நாடா, கத்தரிக்கோல், ஒரு துவாய். பென்சன் எடுத்த பிறகும் இது எதற்கு என்று கேட்டால், "கிடக்கட்டும், அது என்ன சோறு கேக்குதே?" என்பார். கேற்றின் கொளுக்கி சத்தம் கேட்டால், கண் திறக்க முதல் கால் செருப்பைத் தேடும். நாங்கள் அதையும் நித்திரை என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

மாரி முடிந்த கையோடு அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் வைத்தியசாலையில் வைத்திருந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் என்னிடம் சொன்னார்: "மருந்து பாதிதான். மற்றப் பாதி ரெஸ்ட். உடம்புக்கு மட்டுமில்லை, மனசுக்கும்." நான் தலையை ஆட்டினேன். பெரிய தலையாட்டல்.

மறுநாள் காலை ஏழரைக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்காவின் கை பிடித்து இந்த உலகத்துக்கு வந்த பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். தோடம்பழம், மாரி பிஸ்கற், மோல்ட். அக்கா ஒவ்வொரு முறையும் சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் வந்து அமர்வார். நோயின் கதையை முதலிலிருந்து சொல்வார். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த இருதயக்காரர்களின் கதைகளைச் சொல்வார்கள், அதில் பாதிப்பேர் செத்துப்போன கதை. குசினியில் என் மனைவி தேத்தண்ணி ஊற்றியபடியே நிற்பார். இடையில் கனடாவிலிருந்து மகளின் வீடியோ கோல் வரும். அதற்கும் அக்கா சிரித்த முகத்தோடு நிமிர்ந்து இருப்பார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வாசலில் நிரம்பிக் கிடந்த செருப்புகளைப் பார்த்து மனம் குளிர்ந்தேன். இடைக்கிடை, "அக்கா, நீங்கள் உள்ளுக்குப் போய்ப் படுங்கோ" என்று வந்தவர்களுக்கு முன்னாலேயே சொல்வேன். வந்தவர்களை இருத்திவிட்டு எந்த மனுசி எழும்பிப் போய்ப் படுப்பாள்? எனக்கும் அது தெரியும். சொல்லிவிட்டேன் என்ற திருப்திக்காகச் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் அக்கா நெஞ்சு நோகிறது என்றார். பதறியடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். புதிதாக எதுவும் இல்லை, களைப்பு மட்டும் கூடியிருக்கிறது என்றார்கள். மாலை ஐந்து மணிக்கு வாட்டில் மணி அடித்தது. ஊழியர் ஒருவர் வந்து, "எல்லாரும் வெளிக்கிடுங்கோ, நேரம் முடிஞ்சுது" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் எழும்பினேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எனக்கு நெஞ்சு நோவு ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

"இந்த மணிக்குத்தான் வந்தனான். இஞ்சை அஞ்சு மணிக்கு ஆக்களை அனுப்பிவிடுவினம். வீட்டிலை ஆர் அனுப்புறது? என்னாலை ஏலாது. உன்னாலையும் ஏலாது."

ஊரிலுள்ள தாய்மாரின் நித்திரைக்கெல்லாம் காவல் நின்றவருக்குக் காவல் நிற்க, ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஆளில்லை. "இரண்டு நாள் இருங்கோ, நான் ஒரு வழி செய்யிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அரச அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவன் நான். ஒரு பலகைத் துண்டுக்கு வெள்ளை அடித்து, கறுப்பு மையில் எழுதினேன்: ‘நோயாளி ஓய்வில் இருக்கிறார். பார்வை நேரம் மாலை 4 மணி முதல் 5 மணி வரை.’ கம்பி போட்டுக் கேற்றில் கட்டிவிட்டுத்தான் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எழுத்து மிக அழகாக வந்துவிட்டது, அதுதான் வில்லங்கம். கையால் கிறுக்கியிருந்தால் மன்னித்திருப்பார்கள். இது கந்தோர் அறிவித்தல் மாதிரி இருந்தது.

முதல் வாரமே மாமி வந்தார். எண்பத்து நான்கு வயது, ஆட்டோவில் வந்தவர். பலகையை வாசித்துவிட்டு இறங்காமலே திரும்பிவிட்டார். பிறகு தொலைபேசியில் சொன்னார்:

"நான் என்ன ஆஸ்பத்திரிக்கே வந்தனான்? சொந்தத் தமையன்ரை மகளைப் பார்க்க நேரம் கேட்டு நிக்கவோ? உன்ரை அக்காதான் அண்டைக்குக் கலைச்சவள் எண்டால், இப்ப நீயும் பலகை கட்டிக் கலைக்கிறாய். இனி உன்ரை வாசல் மிதிக்கமாட்டன்."

இன்னும் சிலர் சொல்லாமலே கோபித்துக்கொண்டார்கள். ‘தமக்கையைப் பூட்டி வைச்சிருக்கிறான்’ என்ற கதையும் என் காதுக்கு வந்தது. அதைக் கேட்ட நாளில் பலகையைக் கழற்றுவதற்குக் கேற்றடி வரை போனேன். என் மனைவிதான் குசினி யன்னலால் பார்த்து, "ஆக்களின்ரை வாய்க்கோ அக்காவின்ரை நெஞ்சுக்கோ பயப்பிடுறியள்?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வளவு செய்தும் அக்காவுக்கு நித்திரை வரவில்லை. ஆட்கள் இல்லை, சத்தம் இல்லை, கட்டிலில் படுத்திருந்தார். ஆனால் காது கேற்றடியில். "ஆரும் வந்து திரும்பினவையோ? என்ன அவசரமோ தெரியாது" என்று கேட்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பை. பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் மதியம் பையை மடியில் வைத்துத் திறந்தார். தராசின் துருவைத் துவாயால் துடைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

"தம்பி, இதைக் கொண்டுபோய் உன்ரை அலுமாரிக்கை வை. என்ரை அறையிலை வேண்டாம். இனி என்னை ஒருத்தரும் கூப்பிடாயினம்."

இதைச் சொல்லும்போது அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலையை மாற்றி வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நாலு மணிக்கு வந்தவர்கள் வெளியே நிற்க, நாலரைக்குத்தான் எழும்பினார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. என் அக்காவின் முகத்தில் அப்படி ஓர் அடையாளத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"மனிசர் இப்பிடியே நித்திரை கொள்ளுறவை?" என்றார். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு மூன்று மாதம் அக்கா ஒவ்வொரு மதியமும் நித்திரை கொண்டார். முகம் தெளிந்தது. இடியப்பத்துக்கு உப்பில்லை என்று சண்டை பிடித்தார். மகளோடு கதைக்கும்போது நிமிர்ந்து இருக்காமல், படுத்தபடியே கதைத்தார். பலகையால் அவருடைய ஆயுள் கூடியதா என்று எனக்குத் தெரியாது. வைத்தியரிடமும் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் மாத முடிவில் ஒருநாள், நாலு மணிக்கு ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். தோப்பூரிலிருந்து ஒரு பெண்மணி, மூன்று பிள்ளைகளையும் அக்காவின் கையில் பெற்றவர், பச்சையரிசிப் பையோடு வந்திருந்தார். நான் கேற்றுக்குப் போய், அக்கா இன்னும் நித்திரை என்றேன்.

"மிஸ்ஸி உறங்கட்டும், எழுப்பிராதீங்க. நாங்க நிக்கிறம்" என்றார் அவர்.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அழுத குழந்தையை ஒருவர் ஒழுங்கை முடக்குவரை தூக்கிக்கொண்டு போனார். ஐந்து மணிக்கு என் மனைவி அறைக்குள் போனார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பியபடியே போயிருந்தார். எந்நேரம் என்று எங்களுக்குத் தெரியாது. வெளியே நின்றவர்கள் அதுவரை ஒரு சத்தமும் போடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிபோல், வீடு நிறைந்த சனத்துக்குள் யாரோ வந்து, மாமி வெளியே நிற்கிறார், கூப்பிட்டும் வருகிறாரில்லை என்றார்கள். போனேன். கேற்றுக்கு வெளியே, வெயிலில், பலகைக்கு முன்னால் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி."

"நாலு மணி ஆகேல்லையே தம்பி. வரலாமோ?"

அவர் குத்திக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கைக்குக் கம்பி அவிழவில்லை. மாமியும் ஒரு கை கொடுத்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் அந்தப் பலகையைக் கழற்றினோம்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், வாட்டில் ஐந்து மணி அடித்த ஊழியருக்கும், மூன்று மாதமும் எங்கள் ஒழுங்கையில் ஹோர்ன் அடிக்காமல் போன மீன்காரருக்கும், திருவிழாவில் ஒலிபெருக்கியை மறுபக்கம் திருப்பிவிட்ட கோயில்காரருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து துயர் பகிர்ந்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. பலகையை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. கோபித்துக்கொண்டு திரும்பியவர்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் வராத அந்த மதியங்களில் அக்கா நித்திரை கொண்டார்.

இப்போது கேற்றில் பலகை இல்லை. வாருங்கள், எந்த நேரமும் வரலாம்.