பூமாரியின் பச்சைக் கார்

மவுஸைத் தொடுவதற்கு முன் பூமாரி இரண்டு கைகளையும் சுவரில் மூன்று தரம் தட்டுவார். முந்தானையில் துடைப்பார். அப்படியும் மவுஸை நேராகத் தொடமாட்டார். அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. பையின் வாயை வயரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். கீபோர்டுக்குத் தலையணை உறை. "மாவு உள்ள போச்சுன்னா மூச்சு முட்டிச் செத்துரும் சார். எங்க மோட்டார் ரெண்டு அப்படித்தான் செத்துச்சு" என்பார்.

வடசென்னைக் காலடிப்பேட்டையில் மாவு மில் நடத்தும் பூமாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை மில்லுக்கு ஓய்வு. கணவர் இசக்கிப்பாண்டி அரிசி மூட்டைகளின் மேல் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். பூமாரி பின்னறைக்குப் போய், தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கார் கட்டுவார்.

ஆமாம், கார்தான். ஒரு பழைய பச்சைக் காரை ஒவ்வொரு போல்ட்டாகச் சேர்த்து ஓடவைக்க வேண்டிய விளையாட்டு அது. தப்பாக மாட்டினால் உடையும். எங்கே தப்பு என்று மட்டும் சொல்லாது. நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடியும் வேலை பார்ப்பதற்கு விளையாட்டு என்று பேர் வைத்தவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். ஆனால் பூமாரியிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

பத்து வருடமாக அங்கேதான் கோதுமை அரைக்கிறேன். காலை பதினோரு மணிக்கெல்லாம் அவர் புருவம் வெளுத்திருக்கும். சாயங்காலம் முகம் கழுவினால் கறுத்துவிடும். இப்போது கழுவினாலும் பாதி வெளுப்பு அப்படியே நிற்கிறது. வாசலில் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் கரித்தூசு, உள்ளே மாவுத்தூசு, இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க நிற்கிறார். சனிக்கிழமை மிளகாய் அரைக்கிற நாள். தெருவே தும்மும். இவர் மட்டும் மூக்குக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் நின்று அரைத்துவிட்டு, ஞாயிறு முழுக்க இருமுவார்.

தெற்கே விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கோபம் வந்தால் மெட்ராஸ் பாஷை, அலுப்பு வந்தால் விளாத்திகுளம். "இன்னாக்கா, எம்மா நேரமா நின்னுகினு கீறேன், என் டப்பா அப்டியே கீது" என்று பக்கத்துத் தெரு கார்குழலி ஒருநாள் சத்தம் போட்டார். "தோ பாரு, சும்மா பேஜாரு பண்ணாத. மிஷினு சூடாகீது, ஆறட்டும்" என்று இவரும் அதே சுருதியில் கொடுத்தார். கார்குழலி சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் அந்தச் சண்டையும் குறைந்துவிட்டது. எதற்கும் "சரி, அரைச்சுத் தாரேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

கம்ப்யூட்டர் மகள் ராமசெல்வியுடையது. காரும் அவள் கட்டியது. பதினான்கு மாதங்களுக்கு முன், புளியந்தோப்பைச் சேர்ந்த வல்லரசைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லிப்புட்டேன் சார். அவளும் ரோஷக்காரி. முழிக்கல." கோதுமையைக் கொட்டிக்கொண்டே இதைச் சொன்னார். மகள் போன பிறகு, ஓட்டாமல் விட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று வாரத்துக்கு ஒருநாள் கம்ப்யூட்டரைப் போட்டு நிறுத்தியிருக்கிறார், மில் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. அப்படி ஒருநாள் ஏதோ பட்டனை அமுக்க, பானெட் திறந்தபடி பச்சைக் கார் வந்து நின்றிருக்கிறது. "எல்லாம் மாட்டிட்டா. பெல்ட்டு ஒண்ணுதான் பாக்கி. அப்படியே போட்டுட்டுப் போயிட்டா பாருங்க."

இசக்கிப்பாண்டி மகளோடு போனில் பேசுகிறவர்தான். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்கி வந்து, "நல்லாருக்காளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பூமாரி காதில் விழாத மாதிரி சல்லடையை ஆட்டிக்கொண்டிருப்பார். போன வாரம் நான் இருக்கும்போதே இறங்கி வந்தார். "அந்தப் பயலுக்குப் புனேயில வேலையாம். அடுத்த மாசம் ரெண்டு பேரும் போறாங்களாம்" என்றார் சுவரிடம். சல்லடை நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமில்லா? ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்றார்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. சைக்கிள் செயின் கழன்றாலே ஆள் தேடுகிறவன் நான். இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பெல்ட்டை மாட்டிக் காட்டினார். மில்லில் எப்படி மாட்டுவாரோ அப்படியே. பெல்ட்டைப் பாதி வீலில் கொளுவி, மீதியைக் கையால் வீலைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது. திரையிலும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. சாவியைத் திருப்பினார். டொக் என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. உள்ளே வால்வு வளைந்துவிடுகிறதாம். மேல்பாகம் முழுக்கக் கழற்றி, வேறு வால்வு போட்டு, திரும்ப மூடி, மறுபடி பெல்ட்டுக்கு வர நாலு மத்தியானம் ஆகும். இதுவரை ஏழு தடவை.

"பெல்ட்டு எனக்குத் தெரியாததா சார்? இருவத்தேழு வருசமா மாட்டுதேன். இந்தச் சனியன் மட்டும் ஏன் இப்படி அழிச்சாட்டியம் பண்ணுது?" முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "புனேக்குப் போறதுக்குள்ள இத ஓட்டிரணும். ஓடுதுன்னா... அந்தச் சாக்குலயாவது ஒரு வார்த்த சொல்லி அனுப்பலாம்லா. சொன்ன வாய் என் வாய். வெறுங்கையோட எப்படிப் போய் நிக்க?"

இந்த விளையாட்டை ஆடுகிற தமிழர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். அன்றைக்கே அதில் சேர்ந்து வைத்தேன். நாலு மத்தியானம் கழித்து, புது வால்வு போட்டு மறுபடி பெல்ட்டுக்கு வந்ததும், அவர் சொல்லச் சொல்ல என் பேரிலேயே தட்டினேன்: "பெல்ட்டைப் பாதி வீல்ல கொளுவி, மீதியைக் கையால வீலைச் சுத்தி ஏத்துறோம். நல்லா ஏறுது. ஸ்டார்ட் பண்ணினா டொக்குனு நிக்குது. என்ன தப்பு?" மாவு மில் என்று ஒரு எழுத்து எழுதவில்லை. காலடிப்பேட்டை என்றும் எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் பதில் வந்திருந்தது. எழுதியவர் பேர் 'பச்சை வண்டி' என்று இருந்தது. நான் வாசித்தேன்.

"டைமிங் பெல்ட்டை வீலைச் சுத்தி ஏத்தக் கூடாது. அது மாவு மில் பெல்ட் இல்ல, எப்படி மாட்டினாலும் ஓடுறதுக்கு. அதுக்குப் பல்லு இருக்கு. கீழ் வீல்ல ஒரு கோடு, மேல் வீல்ல ஒரு கோடு இருக்கும், ரெண்டையும் குறிக்கு நேரா நிறுத்துங்க. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் போல்ட்டை லூஸ் பண்ணுங்க. வீல் அசையாம பெல்ட்டைப் பல்லு பல்லா உக்கார வைங்க. அப்புறம் டென்ஷனரை முறுக்குங்க."

அதற்குக் கீழே, மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று: "சனிக்கிழமை மிளகா அரைக்கும்போது அவங்க மூக்குக்குத் துணி கட்டுறாங்களா? இல்ல இன்னமும் அப்படியேதானா?"

பெல்ட்டை இப்படி மாட்டுகிற ஆள் உலகத்தில் ராமசெல்விக்குத் தெரிந்து ஒருத்தர்தானே. பூமாரி கையைச் சுவரில் தட்டினார், மூன்று தரம் இல்லை, ஏழெட்டுத் தரம். பிறகு பைக்குள் இருந்த மவுஸைப் பிடித்தார்.

கீழ்க் கோடு, மேல் கோடு. டென்ஷனர் போல்ட். பெல்ட்டைப் பல் பல்லாக உட்கார வைத்தார். அந்தக் கால் மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று போன சத்தம் கேட்டது, முன்பக்கம் இசக்கிப்பாண்டி புரண்டு படுத்தார். பூமாரி சாவியைத் திருப்பினார்.

ஓடியது. ஐயோ, என்னமாய் ஓடியது! நான் பைத்தியக்காரன் மாதிரி கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, மில் மோட்டாரைக் கேட்கிற மாதிரி கேட்டார். "சத்தம் சுத்தமா இருக்கு. நல்லாத்தான் கட்டியிருக்கா" என்றார். கண்ணைத் துடைக்கப் போய்ப் புருவ மாவு கன்னத்தில் இழுபட்டது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"பதில் போடணுமே, என்ன எழுதட்டும்?" என்றேன்.

"துணி கட்டுதாங்கன்னு போடுங்க."

தட்டினேன். "பெல்ட்?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஏறலைன்னு போடுங்க. இன்னொரு வாட்டி வெவரமாச் சொல்லச் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கை பிளாஸ்டிக் பைமேல் போயிருந்தது. டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தினார். பெல்ட்டைப் பல் பல்லாகக் கழற்றி, பச்சைக் காரின் பக்கத்தில் தரையில் வைத்தார்.