பின்னாடி எல்லாம் சரியா?

விமானத்தின் வால்பக்கச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சுவிட இடமிருக்காது. அங்கேதான் எனக்குப் பதினோரு வருட வேலை. சுவரில் ஒரு இன்டர்காம் போன். கொதிக்கும் காபியை ஊற்றும் நேரம் பார்த்துத்தான் அது அடிக்கும். எடுத்தால் எங்கள் கேப்டன்.

"பின்னாடி எல்லாம் சரியா?"

"சரியா இருக்கு சார்."

வைத்துவிடுவார். இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் என்று சொன்னார்கள். எனக்கென்னவோ பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டவர் மாதிரிதான் தோன்றியது. 'அட்டெண்டன்ஸ் வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒருநாள் என் பொறுமை போய்விட்டது. ஒரு குழந்தை என் புடவையில் வாந்தி எடுத்திருந்தது. ஒரு பெரியவர் காபியில் சர்க்கரை போதவில்லை என்று ஒரு பாட்டம் திட்டியிருந்தார். போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. அப்பாடா என்று இருந்த கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு கேப்டன் நின்றார். துணை விமானியிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டு, அத்தனை பயணிகளையும் தாண்டி வந்திருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கியாம்மா. சரி" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

இறங்கியதும் துணை விமானி என்னிடம் வந்தார். "அவர் கூப்பிட்டா எடுத்துடும்மா. போர்ல ஒருநாள் திரும்பி வரும்போது, வால்பக்கம் துப்பாக்கியோட உக்காந்திருந்தவர் பதிலே சொல்லல. இன்டர்காம் ஒயர் அறுந்திருக்கும்னு இவர் நினைச்சு, யாரையும் அனுப்பிப் பாக்காம வந்துட்டார். அடிபட்டுக் கிடந்திருக்கார் அந்த ஆளு. ஒரு கட்டுப் போட்டிருந்தா பொழச்சிருப்பார்னு டாக்டர் சொன்னாராம்."

வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தேன். அதன்பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் போனை இரண்டாவது மணி அடிக்க விட்டதில்லை. அவர் குண்டு போட்ட ஊர்களைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டேன். "அங்க எல்லாம் சரியான்னு யார்கிட்டம்மா கேக்கறது?" என்றார்.

மனைவி இறந்தபிறகு அவர் தனியாக இருந்தார். காலை எட்டு மணிக்கு நான் போன் செய்வேன்.

"முன்னாடி எல்லாம் சரியா, கேப்டன்?"

"சரியா இருக்கும்மா."

அவ்வளவுதான், வைத்துவிடுவேன். இதற்கு ஒரு போனா என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

கேப்டன் இறப்பதற்கு முந்தைய வருடம், ஒருநாள் காலை அவர் எடுக்கவில்லை. குளிப்பார் என்று நினைத்து மறுபடி அடித்தேன். மறுபடியும். போன் கெட்டிருக்கும் என்று நினைத்தபோதுதான் அந்த ஒயர் ஞாபகம் வந்தது. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு இரண்டு தெரு ஓடினேன். கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன்.

திறந்தார். பாதி முகத்தில் சவர நுரை.

"இருக்கீங்களா. சரி" என்றேன்.

"குழாய்ச் சத்தத்துல கேக்கலம்மா. எத்தன தடவ அடிச்சே?"

"ஏழு."

நுரையோடு என்னையே பார்த்தார்.

"நான் அன்னைக்கு ப்ளேன்ல மூணு தடவ மணி அடிச்சதுமே எழுந்து வந்துட்டேன்."