சுல்மா மேளம் தூக்கிய ஞாயிறு

சுல்மா பெரெய்ராவின் விரல்கள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. உருகுவேயின் தலைநகரான மொந்தெவிதேயோவில் டவுன் பஸ் கண்டக்டர் அவள். டிரைவருக்குப் பின்னால் ஓர் உயரமான இருக்கை, முன்னால் சில்லறை வைக்க ஒரு தகர மேசை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு விரல்கள் அந்தத் தகரத்தில் இறங்கிவிடும். வலது கையில் ஒரு பேனா, இடது கை வெறுங்கை. பேனா ஒன்று கேட்கும், உள்ளங்கை அதற்குப் பதில் சொல்லும். வழக்கமான பயணிகளுக்கு இது பழகிப்போயிருந்தது. காலேஜ் பெண்கள் இறங்கும்போது தாளத்துக்கு இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

டிரைவர் அதெமாருக்குத்தான் கஷ்டம்.

"கொஞ்சம் பாத்து அடி சுல்மா. என் காலு தானா ஆடுது. அது பிரேக்குல இருக்கிற காலு," என்பான்.

அவள் பிறந்தது பலேர்மோ பகுதியில். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் தெருவோரத்தில் பழைய பெட்டிப் பலகைகளைப் போட்டுத் தீ மூட்டி, மேளங்களைச் சுற்றி நிறுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகியதும் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் கிளம்பும். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் அந்த வரிசையில்தான். அண்ணன்களுக்கு நடக்கத் தெரிந்ததும் மேளம் கிடைத்தது. சுல்மாவுக்கு ஒரு பாவாடையும் விசிறியும் கிடைத்தன. பெண் பிள்ளைகள் முன்னால் ஆடவேண்டும், அதுதான் வழக்கம். அவளும் ஆடினாள். ஆனால் கண்ணெல்லாம் பின்னால் வருகிற கைகளின் மேல். ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் பெரிய மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார். அவர் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே மேளத்தைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார்.

பிறகு கல்யாணம், வேலை, இரண்டு மகள்கள். மகள்களில் ஒருத்தி ஸ்பெயினுக்குப் போனாள், இன்னொருத்தி வெளியூரான சால்தோவில் குடியேறினாள். சுல்மா ஐம்பதைத் தாண்டினாள். இதற்குள் காலம் மாறி, மேள வரிசைகளில் பெண்களும் வந்துவிட்டார்கள். இப்போது போய் நின்றால் அவளைத் தடுக்க ஆளில்லை. தடுத்தது ரவியோலி.

ஞாயிறு மதியம் பூரணம் வைத்த பாஸ்தாவான ரவியோலிதான் என்பது அவள் கணவன் வாஷிங்டனின் வீட்டுச் சட்டம். மாமியார் போன பிறகு அந்தச் சட்டம் சுல்மாவின் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை கீரை ஆய்ந்து, மாட்டு மூளையை வேகவைத்து, இரண்டையும் மசித்துப் பூரணம் செய்யவேண்டும். பிறகு மாவு பிசைந்து, தேய்த்து, பூரணம் வைத்து, மடித்து, வெட்டி, துணி விரித்த கட்டிலில் வரிசையாக உலர்த்தவேண்டும். சனிக்கிழமை இரவு அந்த வீட்டில் ரவியோலிக்குத்தான் கட்டில், மனிதர்களுக்கு சோபா. ஞாயிறு மதியம் வாஷிங்டனின் அக்கா மிர்த்தா, அவள் கணவன், மகன்கள், மருமகள்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். சாப்பிட்டு, பேசி, திரும்பச் சாப்பிட்டு, அவர்கள் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருக்கும். சுல்மா பாத்திரத் தொட்டியில் கை வைக்கிற நேரத்துக்குச் சரியாக இரண்டு தெரு தள்ளி மேளம் கிளம்பும். நுரைக் கையோடு குழம்புச் சட்டியின் அடியில் அவளும் அடிப்பாள். வருஷக்கணக்காக இப்படித்தான் போனது.

ஒருநாள் நகரத்தின் நடுச்சாலையில் ஏதோ ஊர்வலம். பஸ் அசையவில்லை. அதெமார் எஞ்சினை நிறுத்திவிட்டு, இருக்கைக்குப் பக்கத்திலிருந்த ஃபிளாஸ்கை எடுத்து, மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் குவளையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்ச ஆரம்பித்தான். சுல்மா மேசையில் அடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எஞ்சின் சத்தம் இல்லாததால் அடி நன்றாகக் கேட்டது. முன்சீட்டில், மெத்தைத் துணிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சோபா பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன், பெயர் யமந்தூ. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எந்தக் குழுவுல வாசிக்கிறீங்க?"

"எதுலயும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இது பெரிய மேளத்தோட அடி. எங்க குழுவுக்குப் பெரிய மேளத்துக்கு ஆள் இல்லாம நான் அலையுறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க."

"ஞாயித்துக்கிழமை முடியாது."

"ஏன், டூட்டியா?"

"ரவியோலி," என்றாள் சுல்மா.

யமந்தூ சிரித்த சிரிப்பில் பஸ் கிளம்பியதும் தெரியவில்லை, அவன் இறங்கவேண்டிய இடம் போனதும் தெரியவில்லை. இறங்கும்போது கடை விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்பு அவளைக் குடைந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே மற்ற நாட்களின் ஓரங்களைக் கத்தரித்துப் பார்த்தாள். டெப்போவில் சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் சீட்டாடும்போது இவள் பழைய டயர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து குச்சியும் கையுமாக அடிப்பாள். புதன்கிழமைகளில் டூட்டி முடிந்து யமந்தூவின் கடைக்குப் போவாள். பஞ்சும் ஆணியும் சிதறிக்கிடக்கும் இடத்தில், குடல் பிதுங்கிய சோபாக்களுக்கு நடுவே, நிஜ மேளத்தில் அடிப்பாள். விரல்கள் கொப்புளித்தன. பிளாஸ்திரி சுற்றிய விரல்களால் டிக்கெட் கொடுத்தாள். பயணிகள் அடுப்பில் சுட்டுக்கொண்டாளோ என்று விசாரித்தார்கள்.

யமந்தூவுக்கு அவள் அடியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான். தனியாக எவ்வளவு அடித்தாலும் அது பாதிதான், நடந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவனின் அடியைக் கேட்டுக்கொண்டு அடித்தால்தான் மேளம். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரவேண்டும்.

ஒரு ஞாயிறு அவள் முயன்றாள். மிர்த்தா குடும்பம் கிளம்பியதும் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். தெருமுனையில் தீ அணைந்து சாம்பல்தான் புகைந்துகொண்டிருந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, வரிசையைக் கண்டுபிடித்தபோது அவர்கள் பாதித் தூரம் போயிருந்தார்கள். நடுவில் புக முடியாது. வேடிக்கை பார்க்கிறவர்களோடு பின்னால் நடந்தாள். ஏப்ரனில் தக்காளிக் குழம்பு வாடை. ஐம்பது வயதுக்கு மேல் தெருவில் நின்றுகொண்டு அழுவது அசிங்கம் என்று தோன்றியதால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாத்திரங்கள் காத்திருந்தன. வாஷிங்டன் ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் காய்கறிக் கடைக்குப் போகவில்லை. மதியம் தாண்டியதும் வாஷிங்டன் சமையலறைக் கதவில் வந்து நின்றான்.

"கிழவி, கீரை வாங்கலையா?" கல்யாணமான புதிதிலிருந்தே அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"வாங்கல."

"கடையை மூடிடுவான்."

"மூடட்டும், கிழவா. நாளைக்கு ரவியோலி இல்ல. இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் நான் பண்ணப்போறதில்ல."

வாஷிங்டன் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தான்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மேளம் அடிக்கப்போறேன்."

"தாராளமா அடி, யார் வேண்டாம்னா? சாப்பாட்டை முடிச்சிட்டுப் போயேன்."

"ரெண்டு நாள் மாவு பிசைஞ்ச தோளை வச்சுக்கிட்டு அந்த மேளத்தைத் தூக்க முடியாது. சாப்பாடு முடியவும் விடமாட்டீங்க நீங்க யாரும். மூலைல பாஸ்தா கடை இருக்கு. ஊரே ஞாயித்துக்கிழமை அங்கதான் க்யூவுல நிக்குது. நீயும் போய் நில்லு."

அவன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்காகிட்ட யார் சொல்றது?"

சுல்மாவே போன் போட்டுச் சொன்னாள். மிர்த்தா முதலில் நம்பவில்லை, பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, அதற்கும் பிறகு குரல் கம்மியது.

"எங்க அம்மா கைப்பக்குவம் இதோட போகட்டுங்கிறியா?"

"உங்க அம்மா எனக்குச் சொல்லிக்குடுத்தப்ப நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த, மிர்த்தா. உனக்கும் கை இருக்கு. நீ பண்ணு, நான் சாப்பிட வர்றேன். வெயில் தாழ்ந்ததும் எந்திரிச்சிடுவேன், அவ்வளவுதான்."

மிர்த்தா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வாஷிங்டன் ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு க்யூவில் போய் நின்றான். ரவியோலிக்குப் பதிலாக வேறு எதையோ வாங்கிக்கொண்டு, போனவன் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினான். அதைக் குழையக் குழைய வேகவைத்தான். மிர்த்தாவும் கணவனும் மட்டும் வந்தார்கள். மகன்கள் வரவில்லை. மிர்த்தா உதட்டை இறுக்கிக்கொண்டு பாதித் தட்டு சாப்பிட்டாள். "கஞ்சி நல்லா இருக்கு," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். சுல்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து, செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. யமந்தூ ஒரு பெரிய மேளத்தை அவள் தோளில் மாட்டி, வாரைச் சரிசெய்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். கடையில் உட்கார்ந்து அடித்த மேளம் வேறு, இது வேறு. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் மேளக் கட்டை முழங்காலில் இடித்தது. வார் கழுத்தை அறுத்தது. முன்னால் சின்ன மேளங்கள் ஒரு பக்கம் இழுக்க, நடு மேளங்கள் இன்னொரு பக்கம் பேச, இரண்டாவது தெருவிலேயே அவள் தாளத்தைத் தொலைத்தாள்.

தொலைந்தால் என்ன செய்யவேண்டும் என்று யமந்தூ ஏற்கெனவே சொல்லியிருந்தான். தோலை விட்டுவிட்டு, குச்சியால் மேளத்தின் மரப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே நடக்கவேண்டும். எல்லோருக்கும் புரியும், யாரும் சிரிக்கமாட்டார்கள். சுல்மா ஒரு தெரு முழுக்க மரத்தையே தட்டிக்கொண்டு நடந்தாள். பால்கனிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு நாய் கூடவே வந்தது. கை எப்போது தோலுக்குத் திரும்பியது என்று அவளுக்கே தெரியாது. திடீரென்று அடிவயிற்றில் ஓர் அதிர்வு ஏறியது. அது தன் மேளமா, பக்கத்து மேளமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யமந்தூ திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினான். நடைபாதையில் வாஷிங்டன் கூட்டத்தை இடித்துக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தான். இவள் பார்ப்பதைக் கண்டதும் ஏதோ வேறு வேலையாக வந்தவன்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்ததைப் பார்த்த அதெமார் அன்றைக்கு பஸ்ஸைப் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. மிர்த்தாவின் மகன்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார்கள். மிர்த்தாவும் பிறந்தநாட்களுக்கு மட்டும் வந்தாள். பெரிய மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது சுல்மாவுக்கு ஆரம்பத்தில் என்னவோபோல இருந்தது. மிர்த்தாவின் ஊர்வம்பு இல்லாமல் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு வியாழக்கிழமை இனிப்பு பிஸ்கோத்துகள் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். மிர்த்தா கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கை கிழிஞ்சிபோச்சா?" என்று கேட்டாள். "கிழிஞ்சி ஆறிப்போச்சு," என்றாள் சுல்மா. உள்ளே போய் இரண்டு பேரும் இருட்டும்வரை மாத்தே குடித்தார்கள். அதிலிருந்து வியாழக்கிழமை அவர்களுடைய நாள் ஆயிற்று. சமைக்கிற வேலை இல்லாததால் வம்புக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. ரவியோலி பற்றி இருவரும் பேசுவதில்லை.

வாஷிங்டனுக்குப் பாஸ்தா கடை க்யூ பிடித்துப்போனது. அங்கே நிற்கிற பாதிப் பேர் அவனைப்போல வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட கணவர்கள். கால்பந்து பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. இப்போதெல்லாம் கடை திறப்பதற்கு முன்பே போய்விடுகிறான், வேண்டுமென்றே கடைசியில் நிற்கிறான்.

பிப்ரவரி திருவிழாவின் பெரிய ஊர்வலத்துக்கு முதல் வருஷம் குழு அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேகம் போதாது என்றான் யமந்தூ, முகத்துக்கு நேராக. சுல்மா இரண்டு ஞாயிறு கோபித்துக்கொண்டு போகாமல் இருந்தாள். மூன்றாம் ஞாயிறு சத்தம் கேட்டதும் கோபம் மறந்துவிட்டது. அந்த வருஷம் ஊர்வலத்தின் ஓரமாகத் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அடுத்த வருஷம் இரண்டாவது வரிசையில் மேளத்தோடு நடந்தாள். முகத்தில் சாயம், தலையில் தொப்பி, தோளில் குழுவின் நிறத்தில் துண்டு. ஸ்பெயினிலிருந்து மகள் அதைப் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, எது நீன்னு கண்டுபிடிக்கவே முடியல," என்றாள். சுல்மாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் சொன்னதில்லை.

மழை பெய்யாத ஞாயிறுகளில் இன்றும் போகிறாள். ஊர்வலம் முடிகிற தெருமுனையில் எல்லோரும் நின்று ஆளுக்கொரு வாய் பீர் குடிப்பார்கள். விரல்கள் மரத்துப்போயிருப்பதால் அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அங்கிருந்து வீடு கொஞ்சம் தூரம், பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, ஓட்டுகிறவர்களும் தெரிந்தவர்கள், ஹார்ன் அடித்துக் கூப்பிடவும் செய்வார்கள். அவள் கையைக் காட்டி அனுப்பிவிடுவாள். கடற்கரைச் சாலை வழியாக, உப்புக் காற்றில் சட்டை காய, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மெதுவாக நடந்தே வீட்டுக்குப் போவாள்.