எனக்குக் கொடுத்த ஆமை

அந்த வீடியோ கேம் அட்டைப்பொட்டி மேல ஒரு குடும்பத்துப் படம் போட்டிருந்தாங்க. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு. மூணு பேரும் சோபாவுல நெருக்கி உக்காந்து, ஆளுக்கு ஒரு கன்ட்ரோலரைக் கையில வெச்சிக்கினு, கடைவாய்ப் பல்லு தெரியறாப்ல சிரிக்கிறாங்க. அந்த அப்பன்காரனை எனக்குப் பாத்த மாத்திரத்துல புடிக்கல. இவனுக்கு வேற வேலை வெட்டியே இல்லியான்னு தோணுச்சி. இப்ப ஒத்துக்கறேன், அது பொறாமைதான்.

பங்குனித் திருவிழாவுக்கு மெட்ராஸ்லேந்து என் மச்சான் வந்தான். என் வூட்டுக்காரியோட தம்பி. அவன் பிள்ளைங்களுக்குப் புதுசு வாங்கிட்டானாம், பழைய கேம் பொட்டியை எங்க பிள்ளையார்பாளையத்து வூட்டுல வெச்சி, டிவியில மாட்டிக் குடுத்துட்டுப் போனான். "பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேந்து ஆடறதுக்குன்னே பண்ண கேம் மாமா. சண்டை கிடையாது, சுடறது கிடையாது. ஒருத்தர் தனியா ஜெயிக்கவே முடியாது, ரெண்டு பேரும் சேந்தாதான் மேல போலாம்"ன்னான். நான் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு தறிக்குப் போயிட்டேன்.

அன்னிக்கி சாயங்காலம் வூட்டுக்காரி எங்கிட்ட வந்து உக்காந்தா. அவ அப்பிடி வந்து உக்காந்தா ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்.

"பாப்பாகூட நீங்க ஆடுங்க."

"நானா? எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்?"

"தெரியாட்டி இன்னா, அது சொல்லிக் குடுக்கும். அது உங்களைப் பாத்துப் பயப்படுது. நான் எத்தினி வாட்டிதான் சொல்றது?"

"நான் அதை ஒரு நாளாச்சும் தொட்டு அடிச்சிருக்கனா?"

"அடிச்சாதானா?" அப்பிடின்னுட்டு எழுந்து போயிட்டா.

எங்களுக்கு ஒரே பொண்ணு. ஒன்பது வயசு. நான் உள்ள வந்தா டிவி சத்தத்தைக் கொறைப்பா. கொஞ்ச நேரம் உக்காந்திருக்கறாப்ல உக்காந்திருந்துட்டு, நைசா எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுவா. பள்ளிக்கூடத்துல நடந்ததை எல்லாம் அங்க நின்னுக்கினு அவங்கம்மாகிட்ட வாய் ஓயாம சொல்லுவா. நான் இந்தப் பக்கம் தறிக்குழியில உக்காந்து காதைத் தீட்டிக்கினு கேப்பேன். அவ சிநேகிதி பேரு, டீச்சர் திட்டுனது, பல்லு ஆடறது, எல்லாம் எனக்குச் செவுத்துக்கு இந்தப் பக்கத்துலேந்துதான் தெரியும். எங்கிட்ட நேரா வந்தா "ம்", "இல்லப்பா", "சரிப்பா". அவ்ளோதான். பெத்த பொண்ணு நம்மகிட்ட விருந்தாளி கணக்கா பேசுனா எப்பிடி இருக்கும்? எனக்கு வருத்தந்தான். ஆனா அதை வெளிய காட்டத் தெரியாது. கோவமாத்தான் வெளிய வரும்.

அதனால ஆட உக்காந்தேன். தறியை நிறுத்திட்டு, காப்பி குடிச்சிட்டு, தெனம் அரை மணி நேரம். கேம்ல ஒரு தவளை, ஒரு ஆமை. பலகை பலகையா தொங்கும், அது மேல குதிச்சிக் குதிச்சிப் போவணும். தவளை உசரமாத் தாவும். ஆமை தாவாது, ஆனா கனம். அது போயி ஒரு பலகை மேல நின்னா எதிர்ப்பக்கம் கதவு தொறக்கும், தவளை உள்ள போலாம். உள்ள போன தவளை அங்கேந்து ஒரு கயிறு வுடும், ஆமை புடிச்சிக்கினு ஏறலாம். இப்பிடி ஒண்ணுக்கு ஒண்ணு.

"உனக்கு ஆமைப்பா. அது மெதுவாத்தான் போவும், உனக்கு ஈஸி"ன்னு கையில குடுத்தா. நான் எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு தெரியாம அமுக்கி, ஆமையைக் கொண்டுபோயி தண்ணியில தள்ளிட்டேன். அய்யய்யோன்னு கத்துனேன். அவ சிரிச்சிட்டா. வாயைப் பொத்திக்கினு, தோள்பட்டை குலுங்க. எங்கிட்ட உக்காந்து அவ அப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. இன்னொரு வாட்டி வேணும்னே தள்ளுனேன்.

ஒரு வாரம் அப்பிடிப் போச்சி. பொய் சொல்லல, அந்த ஒரு வாரம் எனக்குக் கால் தரையில படல. நாலாம் நாளு பள்ளிக்கூடத்துலேந்து வந்ததும் வராததுமா புத்தகப் பையை வீசிட்டு "அப்பா, இன்னும் எவ்ளோ நேரம் நெய்வே?"ன்னு தறிகிட்ட வந்து நின்னா. வூட்டுக்காரி ஓரக்கண்ணால பாத்துட்டு, "இன்னா, தொரைக்கு இன்னிக்கி மூஞ்சி பூவா மலர்ந்து கெடக்குது"ன்னு கிண்டல் பண்ணா. கண்ணு படப்போவுதுடின்னு சொன்னேன். படத்தான் பட்டுது. யாரோட கண்ணும் இல்ல, என் வாயே.

எட்டாவது நாளு ஒரு பாலம் வந்துச்சி. ஆமை மிதிச்சாத்தான் பலகை மேல வரும். தவளை அந்த நொடியில தாவணும். தாவுனதும் ஆமை காலை எடுக்கணும், தவளை அந்தப் பக்கம் மிதிக்கணும், ஆமை நகரணும். மிதி, தாவு, வுடு, மிதி. அதைப் பாத்ததும் எனக்குக் குஷி ஆயிட்டுது. அடடே, இது நம்ம வேலையாச்சே!

எங்க வேலை அப்பிடித்தான். சேலைக்கு உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. நூல் சுத்துன கட்டையைக் குறுக்க வுட்டுத்தான் நெய்யணும், அதுக்குப் பேரு நாடா. நான் உடம்பு நாடாவைப் போடுவேன், வூட்டுக்காரி பக்கத்துல உக்காந்து கரை நாடாவைப் போடுவா. ரெண்டு கலரும் சேர்ற எடத்துல நூலோட நூலு கோக்கணும், அதுக்குத்தான் கோர்வைன்னு பேரு. அவ கை ஒரு நொடி பிந்துனாலும் அந்த எடம் பல்லை இளிச்சிடும். அதனால நான் கொரலு குடுப்பேன். போடு, வுடு, போடு. பிந்துனா "தூங்குறியா?"ன்னு கத்துவேன். அவளும் சும்மா இருக்க மாட்டா, "உங்க கால் ஒழுங்கா மிதிச்சா என் கை ஒழுங்கா வரும்"ன்னு திருப்பிக் குடுப்பா. அடுத்த நிமிசம் ரெண்டு பேரும் மறந்துடுவோம். தறியில கத்தறதெல்லாம் கத்தறதுல சேத்தி இல்ல.

அதையே இங்கியும் கொண்டாந்துட்டேன். "நான் சொல்ற நேரத்துக்கு நீ தாவு, அவ்ளோதான்"னேன். "தாவு... வுடு... தாவு..." மூணு பலகை வெண்ணெயா போச்சி. நாலாவது பலகையில ஒரு தொப்பி தொங்கிச்சி. பச்சைத் தொப்பி. அவ தவளையை அந்தத் தொப்பிகிட்ட கொண்டுபோயி, தலையில மாட்டி, "அப்பா இங்க பாரேன்"னு ஒரு சுத்து சுத்தி ஆடவெச்சா. இங்க என் பலகை எறங்கிக்கினு இருக்குது.

"தாவு!"

அவ தொப்பியை இன்னொரு வாட்டி ஆட்டுனா.

"கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? தாவுன்றேன்ல!"

அது எங்க நைனா என்னைச் சொன்ன வார்த்தை. சின்ன வயசுல நான் பக்கத்துல உக்காந்து நாடா போடும்போது, கூடவே மண்டையில ஒரு குட்டும் வுழும். என் பிள்ளைகிட்ட இதைச் சொல்லக்கூடாதுன்னு அவ பொறந்த அன்னிக்கே நெனச்சேன். நெனச்சி இன்னா பிரயோஜனம்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. தறி ஓடறாப்ல ஒரு தாளம் கெடச்சதும் வார்த்தை தானா வந்து வுழுந்துடுச்சி.

தவளை தாவி, தண்ணியில வுழுந்துச்சி. அந்த கேம்ல வுழுந்தா யாரும் சாவ மாட்டாங்க. பரவால்ல, திருப்பி ஆடுங்கன்னு இங்கிலீஷ்ல எழுத்து வரும், யாரோ கை தட்டுவாங்க. அந்தக் கைதட்டு வேற எனக்கு எரியற நெருப்புல எண்ணெய் ஊத்துன மாதிரி இருந்துச்சி. "வேலை நடக்கும்போது வெளையாட்டு இன்னா வேண்டிக்கெடக்குது?"ன்னு கேட்டேன். ஆமாங்க, வெளையாடும்போதுதான் அப்பிடிக் கேட்டேன். அவ "பாத்ரூம் போயிட்டு வரேம்பா"ன்னு எழுந்து போனா. ரொம்ப நேரம் வரல. நான் ஆமையை அந்தப் பலகையிலியே நிக்க வெச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். வாயைத் தொறக்கறதில்லன்னு காமாட்சி மேல சத்தியம் பண்ணிட்டு உக்காந்தேன். தொறக்கவும் இல்ல. ஆனா மூச்சுன்னு ஒண்ணு இருக்குதே, அதை யாரு கட்டறது? அவ ஒரு பலகை தப்ப வுட்டா எனக்கு மூக்குலேந்து 'உஸ்ஸு'ன்னு வரும். தொடையைத் தட்டுவேன். கொஞ்ச நேரம் கழிச்சித்தான் கவனிச்சேன், அவ டிவியையே பாக்கல. ஒவ்வொரு தாவலுக்கும் என் மூஞ்சியைத் திரும்பிப் பாத்துட்டு அப்புறம் தாவறா. அதனாலதான் வுழறா. "டிவியைப் பாரும்மா"ன்னேன், நல்லாத்தான் சொன்னேன். "சாரிப்பா"ன்னா. அடுத்த பலகைக்கும் சாரிப்பா. அதுக்கப்புறம் தாவறதுக்கு முன்னாடியே சாரிப்பா. நல்லாத் தாவி அந்தப் பக்கம் போனாலும் சாரிப்பா.

"எதுக்குடி சாரி? இன்னாத்துக்கு சாரி சொல்லிக்கினே இருக்குற?"

தெரு வரைக்கும் கேட்டிருக்கும் அந்தக் கத்தல். எதிர்வூட்டுல தறிச் சத்தம் நின்னு, அப்புறம் ஓடுச்சி. வூட்டுக்காரி வந்து டிவியை அணைச்சிட்டா. என்னைத் திட்டுவாளோன்னு பாத்தேன். திட்டல. பிள்ளையைக் கூட்டிக்கினு உள்ள போனா.

அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா ஹோம்வொர்க் இருக்குதுப்பா, கை வலிக்குதுப்பா, தலை வலிக்குதுப்பா. பொய்யி. ஆனா அவ்ளோ மரியாதையான பொய்யி. நாலஞ்சி நாள் கேட்டுட்டு நானும் வுட்டுட்டேன். "பொறுத்தார் பூமி ஆள்வார்"ன்னு வூட்டுக்காரி ஒரு நாள் சொன்னா. எனக்கு பூமி வேணாம், ஒரு அரை மணி நேரம் போதும்னேன்.

ஒரு சனிக்கெழமை காலையில தெருவுல பாவு பிரிச்சிக்கினு இருந்தோம். நாலு வூட்டு ஆளுங்க சேந்து பட்டு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி சிக்கெடுக்கற வேலை. தூறல் புடிச்சிக்கிச்சி. அவசர அவசரமா சுருட்டி எடுத்துக்கினு வூட்டுக்கு வந்தேன். வூட்டுக்காரி கடைக்குப் போயிருந்தா. உள்ள டிவி ஓடற சத்தம். கூடவே பொண்ணு யார்கிட்டயோ பேசறா. சிநேகிதி வந்திருக்குதுன்னு நெனச்சி கதவுகிட்ட நின்னேன்.

யாரும் இல்ல. ரெண்டு கன்ட்ரோலரையும் மடியில வெச்சிக்கினு தனியா ஆடறா. தவளையைக் கொஞ்சம் நகத்துவா, கீழ வெச்சிட்டு ஆமையை எடுப்பா, அதை மிதிக்க வெப்பா, திருப்பியும் தவளை. ஒருத்தர் தனியா ஜெயிக்கவே முடியாதுன்னு மச்சான் சொன்ன கேமை, அவ ஒருத்தியே ரெண்டு பேரா ஆடிக்கினு இருக்குறா. அதே பாலந்தான். நானும் அவளும் தாண்டாத பாலம்.

பேச்சும் ரெண்டு பேர் பேச்சு. தவளைக்கு அவ கொரல். ஆமைக்குக் கட்டைக் கொரல், ஆம்பளைக் கொரல்.

"அப்பா, நான் வுழுந்துட்டேன்."

"வுழுந்தா இன்னாடா கண்ணு? அப்பா இங்கியேதான் நிக்கிறேன். நீ மெதுவா வா."

"தொப்பி எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோடா. எல்லாத் தொப்பியும் எடுத்துக்கோ. அப்பாவுக்கு அவசரமே இல்ல."

அந்தக் கொரலை எங்கேந்து புடிச்சா? என் வாயிலேந்து அப்பிடி ஒரு வார்த்தையை அவ ஒரு நாளும் கேட்டதில்ல. நானும் எங்க நைனாகிட்ட கேட்டதில்ல. யாரு வூட்டுலயோ கேட்டிருப்பா, இல்ல தானே கற்பனை பண்ணியிருப்பா. ஆமை ஒரு எட்டு ஒரு எட்டா நகந்து அந்தப் பக்கம் போயி சேந்துச்சி. பாலம் முடிஞ்சிது. டிவியில வாணவேடிக்கை வுட்டான். அவ ரெண்டு கையையும் தூக்கி, சத்தமே வராம குதிச்சா. திரும்புனா, நான் நிக்கிறேன்.

சிரிப்பு அப்பிடியே நின்னுடுச்சி. எழுந்து நின்னா. ஆமையோட கன்ட்ரோலரை எடுத்து என் பக்கம் நீட்டுனா. "சாரிப்பா. இந்தாப்பா"ன்னா.

வாங்கிக்கினு உக்காந்தேன். அவளும் உக்காந்தா, நடுவுல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு எடம் வுட்டு. அடுத்த கட்டம் வந்துச்சி. நான் போயி பலகையை மிதிச்சிக்கினு நின்னேன். அவ தவளை ஓரமா நின்னுச்சி. எப்பிடியாச்சும் அந்தக் கொரலைக் கொண்டாந்துடணும்னு தொண்டையைச் செருமிக்கினேன்.

"மெதுவா வாடா கண்ணு. அப்பா இங்கியேதான் நிக்கிறேன்."

அவ கன்ட்ரோலரைக் கீழ வெச்சிட்டா. என் மூஞ்சியைப் பாத்தா. கோவம் எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு தேடறாப்ல.

"நான் இன்னா தப்புப்பா பண்ணேன்?"ன்னு கேட்டா.